வாத்துக்கும் வான்கோழிக்கும் ஒரே ஓவர்-அண்டர்: எதைப் பார்த்து வாங்குவது?

தடா ரோட்டுக்காரன்:
சூளூர்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். கேள்வி எனக்காக இல்லை, அமெரிக்காவில் அர்கன்சாஸ் மாநிலத்தில் கிரீன் கார்டோடு இருக்கும் பாவாவுக்காக (அத்தான்). நமக்கு இங்கே புலிகாட் ஏரியில் ஊசிவால் வாத்தைக் கண்ணால் பார்ப்பதோடு சரி, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அங்கே அவருக்குக் குளிர்காலத்தில் வாத்து, வசந்தத்தில் வான்கோழி. இரண்டுக்கும் ஒரே துப்பாக்கி போதுமாம், அதுவும் ஓவர்-அண்டர்தான் (ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு குழல் உள்ளது) வேண்டுமாம். 12 போரா, 20 போரா (எண் குறைந்தால் குழல் பெரிது)? சேம்பர், அதாவது தோட்டா உட்காரும் அறை, 3 அங்குலமா, 3½-ஆ? குழல் 26, 28, 30-இல் எது? கடையில் பெரெட்டா 686, பிரவுனிங் சிடோரி, பிறகு பாதி விலையில் துருக்கி மாடல்கள் காட்டினார்களாம். ஆள் ஐந்தடி ஐந்து அங்குலம், ஒல்லி.

சித்தூர் ட்ராப்:
பிராண்டைக் கடைசியில் பார்க்கலாம் அண்ணா. ஐந்தடி ஐந்து ஆளுக்கு முதல் தொல்லை தோளில் வைக்கும் கட்டையின் நீளம். ட்ரிக்கரிலிருந்து கட்டையின் பின்முனை வரை பெரும்பாலான மாடல்களில் 14¼ முதல் 14½ அங்குலம் இருக்கும். அவருக்கு 13¾ பக்கம்தான் ஒத்துவரும். குளிருக்குத் தடிமனான ஜாக்கெட் போட்டால் இன்னும் கால், அரை அங்குலம் நீண்ட மாதிரி ஆகிவிடும். தூக்கும்போது கட்டை அக்குளில் சிக்கிக்கொள்ளும். அதனால் அந்த ஜாக்கெட்டையே போட்டுக்கொண்டு கடைக்குப் போகட்டும்.

துப்பாக்கியைத் திறந்து காலியா என்று பார்த்த பிறகு, கண்ணை மூடிக்கொண்டு தோளில் ஏற்றிக் கன்னத்தைக் கட்டையில் பதிக்க வேண்டும். பிறகு கண்ணைத் திறந்தால் குழலின் மேல்பட்டை லேசாகத் தெரிந்து, நுனி மணி நடுவில் நிற்க வேண்டும். பட்டை ரோடு மாதிரி நீளமாகத் தெரிந்தால் கட்டை உயரம். பட்டையே தெரியாமல் திறக்கும் நெம்பின் முதுகுதான் தெரிகிறது என்றால் தாழ்வு. நீளத்தைக் குறைப்பது துப்பாக்கி மிஸ்திரிக்குச் சின்ன வேலை. உயரத்தை மாற்றுவது அப்படியில்லை. ஆகவே உயரம் ஒத்துவராததை அங்கேயே வைத்துவிட்டு வரலாம்.

மற்றபடி 12 போர், 3 அங்குல சேம்பர், 28 அங்குலக் குழல். 3½ வேண்டாம். உதைப்பை விழுங்க இதில் ஆட்டோவில் (அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றும் துப்பாக்கி) இருக்கிற மாதிரி வெடிவாயுவில் இயங்கும் கேஸ் அமைப்பு கிடையாது, ஏழு ஏழரை பவுண்டு எடையும் அவர் தோளும்தான். வாத்துக்கு ஈயக் குண்டு அங்கே தடை, ஸ்டீல்தான்: 3 அங்குலத் தோட்டாவில் 1¼ அவுன்ஸ் 2-ஆம் நம்பர் ஸ்டீல், ஏறக்குறைய 155 குண்டு வரும், வாத்துக்குத் தாராளம். ஈயத்தில் 4-ஆம் நம்பர் போடுகிற இடத்தில் ஸ்டீலில் 2 என்று குண்டு இரண்டு நம்பர் பெரிதாகப் போக வேண்டும் (நம்பர் குறைந்தால் குண்டு பெரிது), ஸ்டீல் எடை குறைவு.

ஓவர்-அண்டர் வாங்குவதன் மொத்த லாபமே இரண்டு குழலுக்கு இரண்டு சோக் (குண்டுகள் விரிவதைக் கட்டுப்படுத்தக் குழல் நுனியில் திருகும் குறுகல்; இம்ப்ரூவ்ட் சிலிண்டர் தளர்வு, மாடிஃபைட் நடுத்தரம், ஃபுல் இறுக்கம்). ஸ்டீல் குண்டு நசுங்காது, அதனால் ஈயத்தைவிடக் கட்டாகப் போகும்: இம்ப்ரூவ்ட் சிலிண்டரில் போட்டால் மாடிஃபைட் மாதிரி விழும். கீழ்க்குழலில் இம்ப்ரூவ்ட் சிலிண்டர், மேலே மாடிஃபைட். முதலில் கீழ்க்குழலைச் சுடட்டும். அது கட்டையின் கோட்டுக்கு அருகில் இருப்பதால் நுனி குறைவாக எகிறும், இரண்டாவது குறிக்குச் சீக்கிரம் திரும்பலாம். அர்கன்சாஸில் ஸ்டட்கார்ட் பக்கம் தண்ணீர் நிற்கிற காட்டுக்குள் மல்லார்ட் வாத்துகள் மரங்களுக்கு நடுவே இறங்கும்; 20, 30 கெஜத்துக்குள் சுடுவதுதான் அதிகம். (நெல்லூர் மாதிரி நெல் நாடு அது, வாத்து வராமல் என்ன செய்யும்.) பெரிய ஸ்டீல் குண்டை ஃபுல் சோக்கில் விட்டால் சோக் ஆரம்பிக்கும் இடத்தில் குழல் வளையம் மாதிரி வீங்கும். சோக்கிலேயே ஸ்டீலுக்கு ஆகும், ஆகாது என்று பொறித்திருப்பார்கள், அதைப் படிக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று ட்ரிக்கர். 686-இல் இருப்பது இனர்ஷியா வகை: முதல் தோட்டாவின் உதைப்பில்தான் இரண்டாவது குழலுக்கு விசை மாறும். தோட்டா வெடிக்காமல் போனால் இரண்டாவதும் வராது, சேஃப்டி பட்டனை நகர்த்தித்தான் மாற்ற வேண்டும். மெக்கானிக்கல் வகையில் அந்தத் தொல்லை இல்லை. சிடோரியில் 725 வரிசை அப்படி. சிடோரியைச் செய்வது ஜப்பானில் கோச்சி மாகாணத்து மிரோகு நிறுவனம், நம்ம கொச்சி இல்லை.

நகரிக்காரன்:
வாத்து வரைக்கும் மேலே சொன்னதுக்குக் கைதட்டு. வான்கோழிக்கு ஓவர்-அண்டர் இரண்டாம் தரம்தான், அதை மறைக்க வேண்டாம். வான்கோழியைப் பறக்கவிட்டுச் சுடுவதில்லை. நிற்கிற கோழியின் தலையும் கழுத்தும்தான் குறி, குண்டுகள் பத்து அங்குல வட்டத்துக்குள் அடர்த்தியாக விழ வேண்டும். 40 கெஜத்தில் அந்த வட்டத்துக்குள் 100 குண்டு என்பது பலரும் வைத்துக்கொள்கிற கணக்கு. இரண்டு குழலையும் தொழிற்சாலையில் ஒரே இடத்தில் சந்திக்கிற மாதிரி சாய்த்துப் பற்றவைக்கிறார்கள். அது நாலு அங்குலம் பிசகினால் வாத்துக்குத் தெரியாது, 30 அங்குல வட்டத்தில் கரைந்துபோகும். வான்கோழிக்குப் பாதிக் குண்டு வெளியே போய்விடும். துருக்கி மாடல் எல்லாம் மோசம் என்று சொல்லவில்லை; விலை குறையக் குறைய இந்தப் பிசகு வர வாய்ப்பு கூடும், அவ்வளவுதான்.

எனவே வாங்கிய வாரமே காகிதத்தில் பார்த்துவிட வேண்டும். மூன்றடி அகலக் காகிதம், நடுவில் ஒரு புள்ளி. தாங்கி வைத்து உட்கார்ந்து, 40 கெஜத்திலிருந்து அதே தோட்டாவில் கீழ்க்குழலுக்கு மூன்று காகிதம், மேல்குழலுக்கு மூன்று. ஒரு காகிதத்துக்கு ஒரே வெடி. குண்டு அடர்ந்த இடத்தின் மையத்தைக் கண்ணால் குறித்து, புள்ளியிலிருந்து எவ்வளவு விலகல் என்று அளந்தால் எந்தக் குழல் குறியில் அடிக்கிறது என்று தெரியும். வான்கோழிச் சோக்கை (மிக இறுக்கமானது) அந்தக் குழலில் மட்டும் போடட்டும். இரண்டுமே ஒரே பக்கம் விலகினால் கட்டை பொருந்தவில்லை. ஒன்று மட்டும் விலகினால் குழல் கோளாறு, வாரண்டிக்குத் திருப்பி அனுப்ப வேண்டியதுதான்.

தோட்டாவில் காசு செலவு செய்யலாம். டிஎஸ்எஸ் எனும் டங்ஸ்டன் குண்டின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு சுமார் 18 கிராம், ஈயம் 11.3, ஸ்டீல் 7.8. அதனால் 9-ஆம் நம்பர் பொடிக் குண்டே கழுத்தைத் துளைக்கும். டிஎஸ்எஸ் வந்த பிறகு வான்கோழிக்கு 20 போரே போதும், ஆனால் வாத்தும் வேண்டும் என்கிறாரே, 12-ஐ விட வேண்டாம்.

தடா ரோட்டுக்காரன்:
நன்றி அண்ணா. வீட்டில் தாத்தா காலத்து ரெட்டைக்குழல் ஒன்று லைசென்ஸோடு இருக்கிறது. அந்த மாதிரி பழையது ஒன்றை அங்கேயே மலிவாக வாங்கினால் வாத்துக்கு ஆகாதா என்கிறார்.

கிடங்குத் தெரு:
ஆகாது. பழைய குழல்கள் ஈயத்துக்குச் செய்தவை, சோக்கும் குழலோடு சேர்ந்தே இருக்கும், கழற்ற முடியாது. சேம்பரும் பலவற்றில் 65 மில்லிமீட்டர்தான். அமெரிக்காவில் 1991 முதல் நாடு முழுக்க நீர்ப்பறவைக்கு ஈயக் குண்டு தடை. பிஸ்மத் எனும் உலோகக் குண்டுத் தோட்டா மென்மையானது, பழைய குழலுக்குச் சேதமில்லை, ஆனால் விலையைப் பார்த்தால் புதுத் துப்பாக்கியே மேல் என்று தோன்றும். இதில் ஒரு கண்ணி இருக்கிறது: தடை சுடுவதற்கு மட்டுமில்லை, வாத்து வேட்டையில் ஈயத் தோட்டாவைக் கையில் வைத்திருந்தாலே குற்றம். வசந்தத்தில் வான்கோழிக்குப் போட்ட ஜாக்கெட்டின் உள்பையில் மறந்துபோன ஒரு தோட்டா போதும். பதினாறு வயது நிரம்பியவருக்கு மாநில லைசென்ஸோடு, நீர்ப்பறவை வேட்டைக்கு மத்திய அரசு தரும் 25 டாலர் டக் ஸ்டாம்பும் வேண்டும். ஆட்டோவுக்கு மூன்று தோட்டாவுக்கு மேல் ஏறாமல் உள்ளே அடைப்புத் துண்டு செருக வேண்டும் என்பார்கள், ஓவர்-அண்டரில் இருப்பதே இரண்டு, அந்தக் கவலை இல்லை.

சேற்றிலிருந்து வந்த அன்றே சோக் இரண்டையும் கழற்றித் துடைத்து, திருகுமரையில் மெல்லிசாகக் கிரீஸ் வைக்கணும். ஈரமும் தோட்டாவின் பிளாஸ்டிக் பொருக்கும் சேர்ந்து துருப்பிடித்தால் பிறகு சாவிக்கு மசியாது. சுடும்போது சோக் தளரவும் செய்யும். ஐந்தாறு தோட்டாவுக்கு ஒருமுறை, துப்பாக்கியைத் திறந்து தோட்டாவை எடுத்துவிட்டு, கையால் திருகிப் பார்க்கட்டும். குழல் மடியும் கீலில் ஒரு சொட்டு கிரீஸ், எண்ணெய் இல்லை. நனைந்த ஸ்டீல் தோட்டாவை அடுத்த வருஷத்துக்கு வைக்க வேண்டாம். உள்ளே குண்டுகள் துருவால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

கூட வருகிறவர் 20 போர் வைத்திருந்தால் இரண்டு பேர் தோட்டாவும் ஒரே பையில் வேண்டவே வேண்டாம். 20 போர் தோட்டா 12 போர் சேம்பரைத் தாண்டிக் குழலுக்குள் போய் நின்றுவிடும். காலி என்று நினைத்துப் பின்னால் 12-ஐ ஏற்றிச் சுட்டால் குழல் வெடிக்கும். அதற்காகத்தான் 20 போரை மஞ்சளாகச் செய்கிறார்கள். விடியற்காலை இருட்டில் மஞ்சள் தெரியாது, ஒவ்வொரு முறையும் ஏற்றுமுன் குழலை வானத்தைப் பார்க்கப் பிடித்து உள்ளே வெளிச்சம் வருகிறதா என்று பார்க்கட்டும்.