போர்க்கப்பல் மாலுமியின் பிஸ்கட் டப்பா: உங்கள் கைக்கும் இப்படி ஏதாவது வந்ததுண்டா?

பிளிமத்வாசி

பக்கத்து வீட்டுப் பெரியவர் போய்ச் சேர்ந்து சில வருடம் ஆகிறது. போன மாதம் அவர் மகள் வீட்டைக் காலி செய்தார், பெட்டி தூக்க நானும் போனேன். குப்பைக்குப் போகவிருந்த குவியலில் ஒரு பிஸ்கட் டப்பா. "அப்பாவோட நேவி காகிதம். எனக்கு ஒண்ணும் புரியாது, நீங்க வேணா பாருங்க" என்று கையில் திணித்துவிட்டார்.

உள்ளே கொஞ்சம் கடிதங்கள், நாலு பதக்கங்கள், ஒரு நாயின் படம், அப்புறம் நாலாக மடித்த ஒரு தடித்த தாள். பிரிட்டிஷ் கடற்படை மாலுமிகளுக்கு எழுதி வைத்த பணிச் சான்றிதழ் அது. ஆளை அங்க அடையாளத்தோடு வர்ணித்திருக்கிறார்கள். முடி பழுப்பு, கண் நீலம், இடது கட்டைவிரலில் வெட்டுத் தழும்பு. சேருமுன் செய்த வேலை: இறைச்சிக் கடை எடுபிடி. நீச்சல் தேர்வில் தேறியவர். தழும்பும் இறைச்சிக் கடையும் ஒரே கதைதானா என்று கேட்கத்தான் ஆளில்லை.

நடுவில் கப்பல் பெயர்களும் தேதிகளும். டிரேக், அடுத்து வேலியன்ட், திரும்ப டிரேக். வேலியன்ட்டுக்கு 1940 கடைசியிலிருந்து 1944 வரை ஒரே வரி. வருடா வருடம் டிசம்பர் 31 தேதி போட்டு நடத்தை 'மிக நன்று' என்று கேப்டன் கையெழுத்து. இவ்வளவுதான். போர் என்ற சொல்லே தாளில் இல்லை.

அந்த ஒற்றை வரிக்குள் என்னென்ன இருந்தது என்று தேடப் போய் இரண்டு ராத்திரி தூக்கம் கெட்டது. 1941 மார்ச் 28 இரவு மத்தியதரைக் கடலில் மாட்டபான் சண்டை. அன்று வேலியன்ட்டில் சர்ச்லைட்டைக் கவனித்துக்கொண்டவர் பின்னாளில் எலிசபெத் அரசியாரின் கணவரான ஃபிலிப். அதே வருடம் டிசம்பர் 19, அலெக்சாந்திரியா துறைமுகம். மனித டார்பிடோவில் (ஆள் ஏறி ஓட்டும் நீரடி வாகனம்) வந்து வேலியன்ட்டுக்குக் கீழே குண்டு வைத்த இத்தாலியர் இருவரைப் பிடித்து அதே கப்பலின் அடித்தளத்தில் அடைத்து வைத்தார்கள். வெடிக்கச் சில நிமிடம் இருக்கும்போது அவர்களில் ஒருவர் கேப்டனிடம், ஆட்களை வெளியேற்றிவிடுங்கள் என்றார். குண்டு எங்கே என்று மட்டும் வாய் திறக்கவில்லை. கப்பலுக்குப் பலத்த அடி, ஆனால் வேலியன்ட்டில் ஓர் உயிர்கூடப் போகவில்லை. இத்தனைக்கும் நடுவில் இருந்த மனிதர்தான் பதினோரு வருடம் என்னோடு தக்காளிச் செடியைப் பற்றி மட்டுமே பேசியவர்.

இப்போது சந்தேகம். 'டிரேக்' இரண்டு தடவை வருகிறது. அது எந்தப் போர்க்கப்பல், எங்கே சண்டை போட்டது? ஆபீசில் தேநீர் நேரத்தில் பெரிதாகப் பேசிவிட்டேன், ஆதாரம் தேவைப்படுகிறது.

தாள்தேடி

ஐயா, நீங்கள் தேடும் டிரேக் எங்கேயும் மிதக்கவில்லை, உங்கள் ஊரிலேயே இருக்கிறது. டெவன்போர்ட் கடற்படை முகாமின் பெயர் அது. கரையில் உள்ள முகாமுக்கும் கப்பல் பெயரே வைப்பது அவர்கள் வழக்கம். சிரிக்கவில்லை, நானும் விழுந்த பள்ளம்தான். 1942இல் ஒருவர் 'விக்டரி'யில் இருந்ததாகப் பார்த்துவிட்டு, அட்மிரல் நெல்சனின் அந்தப் பழைய கப்பலில் வேலை செய்திருக்கிறார் என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். அது போர்ட்ஸ்மத் முகாம்.

அவருடைய எண்ணுக்கு முன்னால் 'டி' இருக்கிறதா பாருங்கள். டி என்றால் டெவன்போர்ட், பி போர்ட்ஸ்மத், சி சாத்தம். ஆள் எந்தத் தளத்தைச் சேர்ந்தவர் என்று அதிலேயே தெரியும்.

இன்னொன்று, தாளின் மூலை முழுசாக இருக்கிறதா? மோசமான நடத்தைக்காகவோ அவமானப்படுத்தியோ வெளியேற்றப்பட்டவரின் சான்றிதழில் மூலையை வெட்டிவிடுவார்கள். ஒரு வார்த்தை படிக்காமலே, வேலை கேட்டுப் போகிற இடத்தில் ஆளை எடைபோட்டுவிடலாம். என்னிடம் இருக்கும் ஒன்றில் வெட்டியிருக்கிறது. என்ன செய்தார் என்று ஒரு குறிப்பும் இல்லை. அந்த வெட்டைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும்.

பதக்கங்களைத் தனியாகப் பிரித்துவிடாதீர்கள். இரண்டாம் உலகப் போருக்கு பிரிட்டன் கொடுத்த ஸ்டார் பதக்கங்களில் பெயர் பொறிக்கவில்லை. தாள் போய்விட்டால் அவை யாருடையதோ ஆகிவிடும். கப்பல் அன்றன்று எங்கே நின்றது என்று தெரிய வேண்டுமா, லண்டன் க்யூவில் தேசிய ஆவணக் காப்பகத்தில் ஏ.டி.எம். 53 வரிசையில் கப்பல் பதிவேடுகள் இருக்கின்றன. ஒரு நாள் லீவு போட்டுப் போங்கள்.

கோணமலையான்

வேலியன்ட் எண்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்த வரி 1944இல் ஏன் முடியுது தெரியுமா அண்ணா? எங்கட ஊர்த் துறைமுகத்தில்தான்.

அந்த வருடம் யூலை 25 சுமாத்திராவில் சபாங்கைச் சுட்டுப்போட்டுத் திருகோணமலைக்கு வந்தது. ஓகஸ்ட் 8 மிதக்கும் டொக்கில், அதாவது கப்பலைத் தண்ணிக்கு மேல தூக்கிப் பழுது பார்க்கிற மேடையில், ஏற்றினார்கள். முப்பதாயிரம் தொன்னுக்கு மேற்பட்ட கப்பல், போதாக்குறைக்கு வயிறு நிறையக் குண்டு. டொக்கின் தண்ணீர்த் தாங்கிகளைக் கையாண்டதில் பிழை, பாரம் ஒரே சீராக விழவில்லை. டொக் முறிந்து தாண்டுபோனது. கப்பல் தப்பியது, ஆனால் சுக்கானுக்கும் புரொப்பெல்லருக்கும் நல்ல சேதம். எதிரி ஒருத்தனும் இல்லாமல் வந்த வினை.

என்ர அம்மப்பா அப்ப டொக்யார்டில் பெயின்ற் அடிக்கிற ஆள். அந்தச் சத்தத்தைப் பற்றிக் கதைக்கும்போது இரண்டு கையையும் சேர்த்து ஒரு பனை மட்டையை முறிக்கிற மாதிரிக் காட்டுவார். 'விடியப் போய்ப் பார்த்தால் டொக்கைக் காணேல்ல' என்பார். எங்களிடம் அவருடைய காகிதம் ஒன்றுமில்லை. ஒரு பாஸ் இருந்தது, 1990இல் வீட்டை விட்டு ஓடினபோது அதுவும் போய்விட்டது. உங்கட பெரியவரின் கடிதங்களில் எங்கட ஊர் எங்கேயாவது வருதா?

இரவுப்பணி நர்ஸ்

நான் பார்த்தது ஒரே ஒரு கடிதம். இங்கிலாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தபோது ஒரு பாட்டி தலையணைக்கு அடியில் வைத்திருந்தார். அண்ணன் பார்ஹாம் கப்பலில் இருந்தவர். 1941 நவம்பர் 25, நீர்மூழ்கி தாக்கிச் சில நிமிடத்தில் வெடித்து மூழ்கியது. 862 பேர் போனார்கள். மறு வருடம் ஜனவரி கடைசி வரை அரசாங்கம் ஊருக்குச் சொல்லவில்லை. குடும்பங்களுக்கு மட்டும் கடிதம் வந்தது, வெளியே சொல்ல வேண்டாம் என்ற வேண்டுகோளோடு. சாவு விழுந்த வீட்டில் அழக்கூட முடியாத நிலை. அக்கம்பக்கம் சந்தேகப்படக் கூடாதென்று அவர் அம்மா அண்ணனுக்குக் காலுறை பின்னுவதை நிறுத்தவே இல்லையாம். ஒரு ஜோடி முடிந்ததும் அடுத்த ஜோடி.

பிளிமத்வாசி

மூலை முழுசாக இருக்கிறது, எண் 'டி'யில்தான் ஆரம்பிக்கிறது. ஆபீசில் டிரேக் பற்றிய பேச்சை வாபஸ் வாங்கிவிட்டேன்.

கோணமலையான் தம்பி, கடிதங்களில் ஊர் பெயரே கிடையாது. கப்பலிலேயே தணிக்கை செய்த அதிகாரி ஓரிடத்தில் பிளேடால் வெட்டியும் இருக்கிறார். நீங்கள் கேட்டீர்களே என்று நேற்று டப்பாவை மகளிடம் திரும்பக் கொண்டுபோய் எல்லாவற்றையும் மேஜையில் பரப்பினோம். நாய் படத்தைத் திருப்பினால் பின்னால் பென்சிலில் 'டிரிங்கோ, 1951'. பிரிட்டிஷ் மாலுமிகள் திருகோணமலையை அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று சொன்னேன்.

அவருக்கு அது சின்ன வயதில் வீட்டில் வளர்ந்த நாயின் பெயர் மட்டும்தான். ஏன் அந்தப் பெயர் என்று அப்பாவிடம் கேட்டதே இல்லையாம்.