கலைச்சொல் தேவை: அமுக்கியில் "சர்ஜ்", "ஸ்டால்"

அல்சூரிலிருந்து:

குழுவினருக்கு வணக்கம். விமான என்ஜின் பராமரிப்புக்கான தமிழ்ப் பாடக் கையேட்டில் அமுக்கி (என்ஜினுக்குள் வரும் காற்றை அழுத்தும் பகுதி, கம்ப்ரசர்) பற்றிய இயல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதில் வரும் காற்றோட்டக் கோளாறுகளான ஸ்டால், சர்ஜ் இரண்டுக்கும் தமிழ்ச் சொல்தான் பாக்கி. ஹேங்கரில் ஒன்றுக்கு இன்னொன்றைச் சொல்லிவிடுகிறார்கள். பாடத்தில் அப்படி விட முடியாது, செய்ய வேண்டியது வேறு வேறு. சர்ஜ் என்றால் த்ராட்டிலை (உந்துவிசையைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோல்) பின்னுக்கு இழுத்தால் பெரும்பாலும் அடங்கும். அடங்கிய பிறகு சுழலும் ஸ்டாலில் என்ஜின் மாட்டிக்கொண்டால், த்ராட்டிலைத் தள்ளினாலும் சுற்று ஏறாது, டர்பைன் வெப்பம் மட்டும் ஏறும். அணைத்துவிட்டுத் திரும்பக் கிளப்ப வேண்டும். கைவசம் சர்ஜுக்கு "எழுச்சி", ஸ்டாலுக்கு "தேக்கம்" இருக்கின்றன. மறுப்பு இருந்தால் உடனே எழுதுங்கள்.

மல்லேஸ்வரத்திலிருந்து:

இரண்டுக்குமே மறுப்பு உண்டு ஐயா.

மின்சாரத்தில் எழுச்சி சரி, அங்கே அழுத்தம் உண்மையிலேயே எழுகிறது. அமுக்கியில் நடப்பது நேர்மாறு. பின்னால் எரியறைப் பக்கம் சேர்ந்த அழுத்தத்தை அமுக்கியின் அலகுகள் (பிளேடுகள்) தாங்க முடியாமல் விட்டுவிடுகின்றன, காற்று வந்த வழியே முகப்புக்குத் திரும்புகிறது. பின்பக்க அழுத்தம் இறங்கியதும் ஓட்டம் மறுபடி முன்னோக்கிப் பிடிக்கிறது, அழுத்தம் ஏறுகிறது, மறுபடி விட்டுப்போகிறது. நொடிக்குப் பல தடவைகூட இப்படி நடக்கும். வெடிச் சத்தம், முகப்பிலும் வாலிலும் தீ, சரிந்து விழும் உந்துவிசை. இதற்கு "எழுச்சி" என்று பெயர் வைத்தால் மாணவர் தலைகீழாகத்தான் புரிந்துகொள்வார்.

"தேக்கம்" ஏற்கெனவே வேலையில் இருக்கிறது. தேக்கப் புள்ளி (ஓடும் காற்று மோதி நின்றுவிடும் இடம்), அங்குள்ள தேக்க அழுத்தம் என்று காற்றியக்கப் பாடத்தில் படித்தவரிடம் அதே சொல்லை வேறு பொருளில் நீட்டக் கூடாது.

சர்ஜுக்கு என் முன்மொழிவு: விக்கல். உள்ளே போக வேண்டியது எதிர்த்து வருவது, திரும்பத் திரும்ப வருவது, நம் விருப்பத்துக்கு நிற்காதது, மூன்றும் அந்த ஒரு சொல்லில் இருக்கின்றன.

ஜாலஹள்ளியிலிருந்து:

வேர் சரி, வடிவம் போதாது. நூலில் நிற்கத் தகுந்த வடிவம் வள்ளுவரிடமே இருக்கிறது: "நாச்செற்று விக்குள்மேல் வாராமுன்", நிலையாமை, குறள் 335. செய் என்பதிலிருந்து செய்யுள் வந்ததுபோல விக்கு என்பதிலிருந்து விக்குள். அன்றாடச் சொல்லிலிருந்து கலைச்சொல் ஓர் எழுத்தளவாவது விலகி நின்றால் குழப்பம் வராது. கன்னடத்திலும் இதே வேர்தான், பிக்களிகெ. நம் வகரம் அங்கே பகரமாகும்: வேர் பேரு, வாழ் பாளு. நம் பெங்களூர் வகுப்பறையில் பக்கத்து இருக்கைக் கன்னட மாணவருக்கும் கேட்டவுடன் விளங்கும். வகரம் பகரமாவதற்கு இன்னும் நாற்பது எடுத்துக்காட்டாவது தர முடியும், தனி இழையில் எழுதுகிறேன்.

முருகேஷ்பாளையத்திலிருந்து:

அம்மா, "விக்குள்" என்று பார்க்கிற மாணவர் "விக்குக்கு உள்ளே" என்றுதான் பிரிப்பார். என் கருத்து: சர்ஜ் என்றே விடுங்கள். என்ஜின் கையேடு ஆங்கிலத்தில், விமானி எழுதும் குறிப்பும் ஆங்கிலத்தில். அதைப் படித்துவிட்டு வருபவர் மனத்துக்குள் இன்னொரு தடவை மொழிபெயர்க்க வேண்டுமா?

சொல்லைவிட நடைமுறைக்குப் பக்கம் ஒதுக்குங்கள். 1991 டிசம்பர் 27 அன்று ஸ்டாக்ஹோமிலிருந்து கிளம்பிய எம்டி-81 விமானத்தில், இறக்கையிலிருந்து பெயர்ந்த பனிக்கட்டியை வால்பக்க என்ஜின்கள் விழுங்கின. விசிறி அலகுகள் சிதைந்து சர்ஜ் தொடங்கியது. விமானி வலது த்ராட்டிலைக் குறைத்தார், அது போதவில்லை. விமானிகள் அறிந்திராத ஒரு தானியங்கி அமைப்பு உந்துவிசையைக் கூட்டிக்கொண்டே போனது. இரண்டு என்ஜின்களும் போயின. வயலில் இறங்கினார்கள், 129 பேரும் பிழைத்தார்கள். குறைக்க வேண்டிய நேரத்தில் கூட்டினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பாடம் வேண்டாம். அங்கே யாருக்கும் சொல் தட்டுப்பாடு இல்லை.

மல்லேஸ்வரத்திலிருந்து:

அந்த விபத்து கையேட்டில் கட்டாயம் இருக்க வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதைத் தமிழில் விளக்கும்போது "காற்று திரும்பி விக்குகிறது" என்று வினையாகச் சொல்ல முடிகிறது. "சர்ஜ் ஆகிறது" என்றால் ஒன்றும் தெரிவதில்லை.

ஸ்டாலுக்கு வருவோம். காற்று உள்நுழையும் வேகம் குறைந்தால் அலகின் மேல் அது மோதும் கோணம் கூடும். அளவு மீறினால் அலகின் முதுகிலிருந்து ஓட்டம் பிரியும். அந்த அலகுக்கும் அடுத்ததற்கும் நடுவே வழி சுருங்குவதால் வருகிற காற்று இருபுறமும் ஒதுங்குகிறது. ஒரு பக்கத்து அலகுக்குக் கோணம் கூடி அதுவும் விட்டுவிடுகிறது. மறுபக்கத்து அலகுக்குக் கோணம் குறைந்து மீள்கிறது. இப்படிக் கோளாறு அலகுக்கு அலகு நகர்கிறது. வெளியே நின்று பார்த்தால் ரோட்டர் (அலகுகளோடு சுழலும் பாகம்) சுற்றும் திசையிலேயே, ஆனால் அதைவிட மெதுவாக, பல நேரம் ஏறத்தாழ பாதி வேகத்தில் சுற்றும். ஒவ்வொரு அலகும் மாறி மாறி அடிவாங்குவதால் களைப்பு விரிசல் வரும். மொத்த ஓட்டம் திரும்புவதில்லை, அதுதான் விக்கலிலிருந்து வேறுபாடு. எனவே "பிடியிழப்பு". இறக்கைக்குத் தூக்கிழப்பு, அமுக்கிக்குப் பிடியிழப்பு, சுற்றி வந்தால் சுழல் பிடியிழப்பு.

ஜாலஹள்ளியிலிருந்து:

பிடியிழப்பு நன்று. "அடைப்பு" என்று சிலர் எழுதுகிறார்கள், வேண்டாம். அதைப் படிப்பவர் வடிகட்டியைக் கழற்றப் போய்விடுவார்.

அல்சூரிலிருந்து:

நேரமில்லை. பெரும்பான்மை விக்கல், பிடியிழப்பு. முதல் வருகையில் மட்டும் சர்ஜ், ஸ்டால் பக்கத்தில் இருக்கும். விக்கல் கோடு, விக்கல் தடுப்பு வால்வு என்று கூட்டுச்சொற்களும் தடையில்லாமல் வருகின்றன. "சர்ஜ் மார்ஜின்" மட்டும் விக்கல் விளிம்பு என்று போட்டிருக்கிறேன்.

ஜாலஹள்ளியிலிருந்து:

விக்குள்தான் சரி என்ற என் மறுப்பைப் பதிவு செய்யுங்கள். விளிம்பு தவறு. காற்றோட்டத்துக்கு எதிராக அழுத்தத்தைக் குறிக்கும் அமுக்கி வரைபடத்தில் விளிம்பு என்பது அந்த விக்கல் கோடேதான், அதைத் தாண்டினால் விக்கல். மார்ஜின் என்பது இயங்கு கோட்டுக்கும் (என்ஜின் வழக்கமாக இயங்கும் நிலைகள்) அதற்கும் நடுவே உள்ள தூரம். த்ராட்டிலைச் சட்டென்று தள்ளினால் சுற்று ஏறும் முன்பே கூடுதல் எரிபொருள் எரியறையில் அழுத்தத்தை ஏற்றிவிடுவதால் அந்தத் தூரம் குறைகிறது. அலகு நுனி தேய்ந்தாலும், அழுக்குப் படிந்தாலும் கோடே கீழே இறங்கி வருகிறது. "இடைவெளி" என்று போடுங்கள்.

முருகேஷ்பாளையத்திலிருந்து:

இடைவெளி என்றால் அலகு நுனிக்கும் உறைக்கும் நடுவே உள்ளதைத்தான் எங்கள் ஆட்கள் நினைப்பார்கள். இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜை எடுத்து வந்துவிடுவார்கள்.