லெஃப்ட் ஜாயின் எழுதியும் சில வாடிக்கையாளர்கள் காணாமல் போவது ஏன்?

கேள்வி: ஆர்டரே தராத வாடிக்கையாளர்களும் பட்டியலில் வர வேண்டும் என்றுதான் SQL வினவலில் லெஃப்ட் ஜாயின் (LEFT JOIN, முதல் அட்டவணையின் எல்லா வரிகளையும் விடாமல் இன்னொன்றை இணைப்பது) எழுதினேன். வரிகளை வடிகட்டும் வேர் (WHERE) பகுதியில் ஆர்டர் ஆண்டு 2024 என்று சேர்த்ததும் அவர்கள் மறைந்துவிடுகிறார்கள்.

பதில்: ஜாயின் மீது பழியில்லை, கெடுப்பது வேர். ஆர்டர் இல்லாதவரின் வரியில் ஆர்டர் தேதி நல்லாக (NULL, மதிப்பே இல்லாத நிலை) இருக்கும். நல்லை 2024உடன் ஒப்பிட்டால் விடை உண்மையும் அல்ல, பொய்யும் அல்ல. உண்மை என்று தேறாத வரியை வேர் வெளியே தள்ளிவிடும். ஆண்டு நிபந்தனையை, எந்த வரியோடு எது இணையும் என்று சொல்லும் ஆன் (ON) பகுதிக்கு மாற்றுங்கள்.

கேட்டவர்: மாற்றினேன், எல்லோரும் வந்துவிட்டார்கள். ஆனால் ஆர்டர் இல்லாதவருக்கும் எண்ணிக்கை 1 என்று காட்டுகிறதே?

வேறொருவர்: நட்சத்திரக் குறியுடன் எழுதும் கவுண்ட், அதாவது COUNT(*), வரிகளை எண்ணும், நல் நிரம்பிய வரியும் வரிதானே! ஆர்டர் எண் பத்தியை எண்ணச் சொல்லுங்கள், நல்லை எண்ணாமல் 0 வரும். அடுத்து, வாடிக்கையாளர் எண்ணை வைத்துக் கட்டண அட்டவணையையும் இதிலேயே இணைக்கப் போகிறீர்கள் என்றால், சற்றுப் பொறுங்கள். 3 ஆர்டரும் 2 கட்டணமும் உள்ளவருக்கு, ஒவ்வோர் ஆர்டரும் ஒவ்வொரு கட்டணத்தோடும் சேர்ந்து 6 வரிகள் வரும், கூட்டுத்தொகை வீங்கிவிடும். அதை டிஸ்டிங்க்ட் (DISTINCT, திரும்ப வருபவற்றை நீக்குவது) போட்டு மூடி மறைப்பது எனக்குப் பிடிக்காத பழக்கம். ஒவ்வோர் அட்டவணையையும் தனியே கூட்டிவிட்டுப் பிறகு இணைத்துக்கொள்ளுங்கள்.