பிக் எண்டியன் மெஷினில் டிஎம்ஏ டிஸ்கிரிப்டர் புரண்டு போகுது: எங்கே மாத்தணும்?

கேள்வி:
லினக்ஸ் பிசிஐ டிரைவர். எக்ஸ்86, ஆர்ம்64 ரெண்டுலயும் ஒழுங்கா ஓடுது. பிக் எண்டியன் (எண்ணோட பெரிய பைட்டை முதல்ல வைக்கிற) பவர்பிசியில டிஸ்கிரிப்டரில் (கார்டு ராமிலிருந்து நேரா படிக்கிற டிஎம்ஏ வேலைக் குறிப்பு) நீளம் 1536-ன்னு எழுதினா, கார்டு 393216-ன்னு எடுத்துக்கிட்டு பஃபரைத் தாண்டி எழுதுது. எல்லா இடத்திலயும் சிபியு_டு_எல்இ32 (எண்ணை லிட்டில் எண்டியனுக்கு, அதாவது சின்ன பைட் முதல்ல வர்ற வரிசைக்கு, மாத்துறது) போட்டேன். டிஸ்கிரிப்டர் சரியாச்சு, ஆனா ரைட்எல் (கார்டு ரெஜிஸ்டரில் 32 பிட் எழுதுற ஃபங்ஷன்) வழியா போற ரெஜிஸ்டர் எல்லாம் கெட்டுப்போச்சு.

பதில் 1:
1536 ஹெக்ஸில் 00000600. பைட்டுகளைத் திருப்பினா 00060000, அதுதான் உங்க 393216.

ரைட்எல் எழுதும்போது லிட்டில் எண்டியனுக்கும், ரீட்எல் படிக்கும்போது அதிலிருந்தும் உள்ளேயே மாத்திடும். மேல நீங்களும் மாத்தினா ரெண்டு தடவை திரும்பி, கார்டுக்குத் தப்பான மதிப்பு போகும். எக்ஸ்86-ல இந்த ரெண்டு மாத்தலுமே நடக்காது, அதனால அங்க தெரியவே தெரியாது. டிஸ்கிரிப்டர் அப்படியில்லை: அது ராமில் இருக்கு, சாதாரண அசைன்மென்ட்தான், நடுவுல மாத்தித் தர யாரும் இல்லை. அங்க மட்டும் சிபியு_டு_எல்இ32 போடுங்க.

ரெஜிஸ்டருக்கு __ரா_ரைட்எல் (பைட்டை மாத்தாம அப்படியே எழுதுறது) போட்டுத் தப்பிக்கலாம்னு யாராவது சொல்வாங்க. வேண்டாம். அதுல பேரியரும் (எழுதுற வரிசை மாறாம காக்கிறது) கிடையாது; டிஸ்கிரிப்டர் மெமரிக்குப் போய்ச் சேருறதுக்கு முன்னாடியே டோர்பெல் (கார்டை வேலை தொடங்கச் சொல்ற ரெஜிஸ்டர்) அடிச்சிடலாம்.

பதில் 2:
கண்ணால தேடாதீங்க. ஸ்ட்ரக்ட்ல யு32-ஐ எடுத்துட்டு __எல்இ32 (லிட்டில் எண்டியன்னு குறிச்ச டைப்) போடுங்க, அப்புறம் மேக் சி=2 ஓட்டுங்க; எல்லா ஃபைலையும் ஸ்பார்ஸ் (டைப் தப்பைப் பிடிக்கிற கருவி) சோதிக்கும். சி=1 புதுசா கம்பைல் ஆகுற ஃபைல்களை மட்டும்தான் ஸ்பார்ஸுக்கு அனுப்பும். வார்னிங் வந்தா __ஃபோர்ஸ் போட்டு வாயை மூடாதீங்க, அநேகமா அங்கதான் பக் இருக்கும்.

ஸ்டேட்டஸைச் சோதிக்கும்போது மாஸ்க் (எந்த பிட்டைப் பார்க்கணும்ங்கிற மதிப்பு) பக்கம் மாத்துங்க: ஸ்டேட்டஸ் & சிபியு_டு_எல்இ32(டன்). கான்ஸ்டன்ட்ங்கிறதால கம்பைல் நேரத்திலயே முடிஞ்சிடும்.

ஸ்ட்ரக்ட்ல பிட்ஃபீல்டு (சில பிட்டுகளை மட்டும் பிரிச்சு வைக்கிற புலம்) இருந்தா தூக்கிடுங்க. பிக் எண்டியன்ல கம்பைலர் பெரிய பிட்டுலேர்ந்து அடுக்கும். ஷிஃப்ட், மாஸ்க் மட்டும்தான் நம்பகம்.

கேட்டவர்:
ரெண்டும் சரியாச்சு, நன்றி. ஒரே ஒரு பாக்கி: ஃபிஃபோவிலிருந்து (கார்டுல டேட்டா வரிசையா காத்திருக்கிற இடம்) லூப்பில் ரீட்எல் பண்ணி பஃபரில் வைக்கிறேன். நாலு நாலு பைட்டா புரண்டு வருது.

பதில் 1:
ஃபிஃபோவில் வர்றது எண் இல்லை, பைட் வரிசை. ரீட்எல் அதை எண்ணா நினைச்சு மாத்திடுது. லூப்பை எடுத்துட்டு ரீட்எஸ்எல் இல்லன்னா ஐஓரீட்32_ரெப் போடுங்க, அது வரிசையைத் தொடாது. கவுண்ட் பைட்டில் இல்லை, 32 பிட் வேர்டுகளில் கொடுக்கணும்.