23 நிமிடம் 15 விநாடி: யார் கடிகாரம் பிடித்தது?

முத்தியால்பேட்டை டெய்லர்:
நேற்று மஞ்சக்குப்பம் மாஸ்டர் எழுதியது இது: "ஒரு தடவை கவனம் கலைந்தால் மறுபடி அதே கவனம் வர 23 நிமிடம் 15 விநாடி ஆகும். விஞ்ஞானம் நிரூபித்துவிட்டது. போனை அடுத்த அறையில் வையுங்கள்." படித்ததிலிருந்து எரிச்சல் தாங்கவில்லை. அந்த 15 விநாடியை யார் அளந்தது? என் கடையில் ஒரு ஜாக்கெட் வெட்ட உட்காருவதற்குள் ஹூக் வைக்க ஒருவர், ஃபால்ஸ் அடிக்க ஒருவர், "அண்ணா, பீக்கோ ஆச்சா" என்று போன் ஒன்று. ஆளுக்கு 23 நிமிடம் போனால் தீபாவளித் துணியைப் பொங்கலுக்குத்தான் தர முடியும்.

தேவனாம்பட்டினம்:
இப்போதும் பொங்கலுக்குத்தானே தருகிறீர்கள்?

முத்தியால்பேட்டை டெய்லர்:
பில் நம்பரைச் சொல்லிவிட்டுப் பேசுங்கள்.

மஞ்சக்குப்பம் மாஸ்டர்:
நான் கைக்காசு போட்டுச் செய்த ஆராய்ச்சி இல்லை இது. கலிஃபோர்னியா பல்கலைக்கழக இர்வைன் வளாகத்தின் பேராசிரியர் குளோரியா மார்க் சொன்னது. குரூப் 4 தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்கிறவன் நான். 200 கேள்வி, 3 மணி நேரம். கேள்விக்கு 54 விநாடிதான். கவனத்தின் விலை எனக்குத் தெரியும். ஊக்கு தைப்பவருக்கு இது புரிய நியாயமில்லை.

முத்தியால்பேட்டை டெய்லர்:
ஊக்கா? சரி, கணக்கே போடுவோம். பக்கத்து பெஞ்சுப் பையன் ஒரு தும்மல் போடுகிறான். உங்கள் மாணவனுக்குக் கவனம் கலைகிறது. 23 நிமிடம் 15 விநாடி காலி. 54 விநாடிக்கு ஒரு கேள்வி என்றால் 25 கேள்வி போச்சு. ஜலதோஷக்காரன் ஒருவன் இருந்தால் அந்த அறையே ஃபெயில். மாஸ்டர், அப்படியானால் இத்தனை பேர் எப்படி வேலைக்குப் போகிறார்கள்?

லாஸ்பேட்டைவாசி:
இரண்டு பேரும் தவறாகப் பிடித்திருக்கிறீர்கள். அலுவலக ஊழியர்களின் பக்கத்திலேயே இருந்து நேரம் குறித்த ஆய்வு அது. தடைபட்ட வேலைக்கு அவர்கள் திரும்ப ஆன சராசரி நேரம்தான் 23 நிமிடம் சொச்சம். அதுவரை அவர்கள் மூளை கலங்கி உட்கார்ந்திருக்கவில்லை, நடுவில் வேறு இரண்டு வேலை பார்த்துவிட்டு வந்தார்கள். இன்னொன்று, அதே பேராசிரியரின் 2008 ஆய்வில் இடையூறு வந்தவர்கள் வேலையை இன்னும் வேகமாகவே முடித்தார்கள். மன அழுத்தமும் எரிச்சலும்தான் கூடியது.

முத்தியால்பேட்டை டெய்லர்:
பார்த்தீர்களா, வேகமாக முடித்தார்கள்!

மஞ்சக்குப்பம் மாஸ்டர்:
அழுத்தம் கூடியது என்பதை ஏன் விழுங்கிவிட்டீர்கள்? 23 நிமிடம் 15 விநாடி என்பதையும் லாஸ்பேட்டை அம்மா மறுக்கவில்லையே!

லாஸ்பேட்டைவாசி:
மறுத்துத்தான் எழுதியிருக்கிறேன்.

பாகூர் பையன்:
அண்ணா, போமடோரோ முறைதான் எனக்கு நன்றாக வேலை செய்கிறது. 25 நிமிடம் படிப்பு, 5 நிமிடம் ஓய்வு. 1980களின் கடைசியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலிக்காரர் மாணவராக இருந்தபோது, தக்காளி மாதிரி இருக்கும் சமையலறைக் கடிகாரத்தை வைத்து ஆரம்பித்தது.

முத்தியால்பேட்டை டெய்லர்:
தம்பி, 25இல் 23 நிமிடம் 15 விநாடியைக் கழி. அந்த ஒன்றே முக்கால் நிமிடத்தில் திருக்குறள் ஒன்று படிக்கலாம், பொருள் படிக்க முடியாது. மாஸ்டரிடம் கேட்டுச் சொல்.

நான் எப்படிச் சமாளிக்கிறேன் என்று ஒருவரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். கழுத்து வளைவு வெட்டிக்கொண்டிருக்கும்போது யாராவது கூப்பிட்டால் உடனே எழுந்திருக்க மாட்டேன். கத்தரி நின்ற இடத்தில் மார்க்கிங் சாக்கால் ஒரு குறுக்குக் கோடு. அடுத்து வெட்ட வேண்டியது முதுகா, கையா என்று ஓரத்தில் ஒரு எழுத்து. அப்புறம்தான் தலையைத் தூக்குவேன். திரும்பி வந்தால் கண் நேராக அந்தக் கோட்டில்தான் விழும், கை தானாகக் கத்தரியை எடுக்கும். 23 விநாடிகூட ஆகாது. கோடு போடாமல் எழுந்தவனுக்கு 23 நிமிடம் என்ன, அரை நாளே போகும். இதற்குக் கலிஃபோர்னியா வரை போகவேண்டுமா?

தேவனாம்பட்டினம்:
என் தங்கச்சி ஜாக்கெட்டில் அந்தக் கோட்டைத் தாண்டி வெட்டிவிட்டீர்கள். ஒரு கை முழங்கைக்கு மேலே, இன்னொரு கை கீழே.

முத்தியால்பேட்டை டெய்லர்:
அளவு ஜாக்கெட்டே அப்படித்தான் வந்தது. கடலூர்க்காரர்கள் எதையும் பாதியாகத்தான் கொடுப்பீர்கள்.

மஞ்சக்குப்பம் மாஸ்டர்:
ஊரை இழுக்காதீர்கள். எங்கள் மாவட்டத்து வடலூரில்தான் வள்ளலார் 1872இல் சத்திய ஞான சபையைத் திறந்தார். மனதை ஒருமுகப்படுத்த ஒரு தீபச் சுடர் போதும் என்று காட்டிய மண் இது. சனி ஞாயிறானால் பாண்டி கடற்கரைச் சாலையில் செல்ஃபிக் கூட்டத்துக்கு நடுவே நிற்கும் ஊர்க்காரர் எங்களுக்குக் கவனம் சொல்லித் தருகிறாராம்.

லாஸ்பேட்டைவாசி:
போன் விஷயத்துக்கு வரலாமா? 2017இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் வார்டும் மற்றவர்களும் செய்த சோதனையில், போன் மேசை மேல் கிடந்தவர்களைவிட அடுத்த அறையில் வைத்தவர்கள் நன்றாகச் செய்தார்கள். பிற்பாடு வேறு சிலர் செய்து பார்த்தபோது அந்த வித்தியாசம் தெரியவில்லை. அதனால்

முத்தியால்பேட்டை டெய்லர்:
அம்மா, என் கடையில் அடுத்த அறை எங்கே இருக்கிறது? ஒரே ஷட்டர். போனை அடுத்த அறையில் வைக்க வேண்டுமானால் பக்கத்து மளிகைக்கடையில்தான் வைக்கவேண்டும். அவர் என் வாடிக்கையாளரோடு பேசி அரிசி விற்றுவிடுவார். மாஸ்டருக்கு நான் வடலூரை மறுக்கவில்லை. ஆனால் ஆரோவில்லில் மாத்ரிமந்திர் தியான மண்டபம் இருக்கிறதே, உள்ளே பேச்சு மூச்சு கிடையாது, உலகம் முழுவதிலிருந்தும் ஆள் வருகிறது. அது எங்கள் பாண்டிப் பக்கம்.

மஞ்சக்குப்பம் மாஸ்டர்:
உங்கள் பக்கமா? ஆரோவில் தமிழ்நாடு ஐயா. விழுப்புரம் மாவட்டம். குரூப் 4 மாணவனிடம் கேளுங்கள், 54 விநாடியில் சொல்வான்.

முத்தியால்பேட்டை டெய்லர்:
தும்மல் வராமல் இருந்தால் சொல்வான். வருகிறவர்கள் பாண்டியில் தங்கித்தான் அங்கே போகிறார்கள். விழுப்புரம் என்று கேட்டு யாராவது இறங்கியிருக்கிறார்களா?

தேவனாம்பட்டினம்:
விழுப்புரம் ஜங்ஷன் வழியாக வராமல் எந்த ரயிலில் வருவார்கள்?

பாகூர் பையன்:
நாளைக்கு எனக்கு மாடல் டெஸ்ட். காலையிலிருந்து இந்த உரையாடல் திரியைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன்.

லாஸ்பேட்டைவாசி:
"அதனால்" என்று எழுதியதை முடிக்க விடுகிறீர்களா?

முத்தியால்பேட்டை டெய்லர்:
ஆரோவில் யாருடையது என்று தனித் திரி தொடங்குகிறேன். மாஸ்டருக்குத் தைரியம் இருந்தால் அங்கே வரட்டும். வரும்போது அந்த 15 விநாடிக்கு ஆதாரம் கையோடு வரட்டும்.

மஞ்சக்குப்பம் மாஸ்டர்:
வருகிறேன். வரைபடத்தோடு வருகிறேன்.