புதுப்பிப்பு: இலைத்துளை மாதிரி நிலைக்கு வராமல் ஆடியது (தீர்ந்தது)

உதவிய எல்லோருக்கும் நன்றி. வறட்சியில் அப்சிசிக் அமிலம் என்ற தாவர ஹார்மோன், துளையின் இருபுறமும் இருந்து அதைத் திறந்து மூடும் காப்பு செல்லை எட்டியதும் இலைத்துளை மூட வேண்டும். என் பூலியன் மாதிரியில் (ஒவ்வொரு கூறும், அதாவது கணுவும், 0 அல்லது 1 மட்டுமே ஆகும் கணினி மாதிரி) அது மூடித் திறந்துகொண்டே இருந்தது. அதுதான் கேள்வி.

மாதிரியை ஓட்டும் சுற்றுகளைக் கூட்டியதில் பயனில்லை. எல்லாக் கணுக்களையும் ஒரே நேரத்தில் மாற்றாமல், ஒவ்வொரு சுற்றிலும் வரிசையைக் குலுக்கிப் போடச் சொன்ன யோசனைதான் கைகொடுத்தது. 2006இல் இதே காப்பு செல் சமிக்ஞைக்கு மாதிரி அமைத்த ஆய்வாளர்கள் லீ, அஸ்மான், ஆல்பர்ட் செய்ததும் இதுவே. இப்போது எங்கிருந்து தொடங்கினாலும் துளை மூடி நிற்கிறது. காப்பு செல்லிலிருந்து எதிர்மின் அயனிகள் வெளியேறுவதைக் குறிக்கும் கணுவை அணைத்தால் மூடுவதில்லை, அதுவும் சரிதான்.

எதிர்பாராதது: கால்சியம் மட்டும் இன்னும் 0, 1 என்று ஆடுகிறது. பிழை என்று அதைத் துரத்த வேண்டாம். கால்சியம் ஏறினால் அதை வெளியேற்றும் பம்ப் ஓடும், இறங்கினால் நிற்கும். நிஜக் காப்பு செல்லிலும் இந்த ஆட்டம் உண்டு.