கேனன் பி கெமராவுக்கு 50 எம்எம்: 1.4-ஆ, 1.8-ஆ, ஜூபிட்டரா?

சிப்புட்_பையன்:
எல்லாருக்கும் வணக்கம். மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்துல பெரியப்பா கிராணியா இருந்தாரு, அவரோட கேனன் பி இப்ப என் கையில. பாடி மட்டும்தான், லென்ஸ் இல்ல. எல்லா ஸ்பீடும் ஓடுது, ஷட்டர் தகடு கொஞ்சம் கசங்கியிருக்கு ஆனா வெளிச்சம் கசியல. இதுக்கு நல்ல ஃபாஸ்டா, அதாவது நெறைய வெளிச்சத்த உள்ள விடுற மாதிரி, ஒரு 50 எம்எம் லென்ஸ் தேடுறேன். எதுக்குன்னா, தோட்டத்து மாரியம்மன் கோயில் தீமிதி வருது, அப்புறம் லயத்து வீடுங்க, பாதி வீடு காலியாயிடுச்சு, மீதி இருக்கிற பெரியவங்கள அவங்க வீட்டுக்குள்ளயே சாயங்காலத்துல எடுத்து வெச்சிடணும்னு ஆசை. ஃபிளாஷ் போட மாட்டேன். ஃபிலிம் எச்பி5, 400 ஸ்பீடு கறுப்பு வெள்ளை. பாத்து வெச்சிருக்கிறது கேனன் 1.8, 1.4, 1.2 (நம்பர் குறைய குறைய வெளிச்சம் கூட வரும்), ரஷ்யாக்காரன் ஜூபிட்டர்-3. கேனன் 0.95 வாங்குன்னும் ஒருத்தர் சொல்றாரு. எது சரி?

கித்தாக்காடு:
தம்பி, 0.95 உன் பாடியில ஏறவே ஏறாது. அது 1961-ல வந்த கேனன் 7-க்குன்னு செஞ்சது, திருகு மவுண்ட்டுக்கு வெளிய இன்னொரு வளையம் இருக்கும், அதுலதான் மாட்டும். பி-யில அந்த வளையம் கிடையாது. அத மறந்துடு.

என் ஓட்டு 1.8-க்கு, இல்லன்னா நிக்கார் 50/2 திருகு மவுண்ட். 1.4-க்கும் 1.8-க்கும் நடுவுல ஒரு முழு ஸ்டாப் கூட கிடையாது (வெளிச்சம் ரெண்டு மடங்கானா ஒரு ஸ்டாப்), அதுக்குப் போயி ரெண்டு பங்கு காசு குடுக்கிறதுல எனக்கு நியாயம் தெரியல. எச்பி5-அ 1600-க்கு புஷ் பண்ணு, அதாவது 1600 ஃபிலிம்னு நெனச்சு எடுத்து டெவலப்பர்ல கூட நேரம் போடு, ரெண்டு ஸ்டாப் கெடச்சிடும், எந்த லென்ஸும் உனக்கு அவ்வளவு தராது. அதோட ஃபோகஸ யோசி. 1 மீட்டர்ல ஒரு பாட்டி முகத்த எடுக்கிறன்னு வெச்சுக்க, 1.4-ல தெளிவா விழுறது மொத்தமே 3 செண்டிமீட்டர் சொச்சம்தான். மூக்குத்தி பளிச்சுன்னு இருக்கும், கண்ணு கரைஞ்சு போயிருக்கும். பேச்சு குடுத்துக்கிட்டே எடுக்கறப்ப அவங்க லேசா முன்ன சாஞ்சாங்கன்னா போச்சு.

இரவுவெளிச்சம்:
அண்ணே, உங்க அனுபவத்துக்கு மரியாதை குடுத்துதான் சொல்றேன், புஷ் விஷயத்துல என்னால ஒத்துக்க முடியல. நான் ஈப்போவுல கோயில் விசேஷம், கல்யாணம்னு இருட்டுலயே வேலை பாக்கிறவ. புஷ் பண்ணா ஃபிலிமோட நிஜ ஸ்பீடு ஏறாது, டெவலப்பர்ல கூட நேரம் போட்டா வெளிச்சம் பட்ட இடம்தான் இன்னும் அடர்த்தியாகும், வெளிச்சமே படாத இடத்துல ஒண்ணும் வராது, அங்க நெகட்டிவ் வெறுமையாத்தான் இருக்கும். நம்ம மக்களோட நிறத்த நெனச்சுப் பாருங்க. வெயில்ல ரப்பர் பால் வெட்டி கறுத்த ஒரு அம்மா, ஒரு பக்கம் டியூப் லைட், இன்னொரு பக்கம் இருட்டு. 1600-ல எடுத்தா அந்த இருட்டுப் பக்கத்துக் கன்னம், காது, தோடு எல்லாம் ஒரே கறுப்பா போயிடும். அவங்க முகத்துல பாதிய நாம அழிச்சிட்டோம்னு அர்த்தம். அந்தக் கன்னத்துக்கு வெளிச்சம் வேணும்னா அது லென்ஸ் வழியாத்தான் உள்ள வரணும்.

கணக்கும் சொல்றேன். லயத்து வீட்டுல ஒரு டியூப் லைட்டுக்குக் கொஞ்சம் தள்ளி உக்காந்திருந்தா 400 ஃபிலிம்ல சுமாரா லென்ஸ் 2-ல ஷட்டர் 1/30, 1.4-ல 1/60 வரும். பி மாதிரி ரேஞ்ச்ஃபைண்டர் கெமராவுல (ரெண்டு பிம்பத்த ஒண்ணாச் சேத்து ஃபோகஸ் பண்றது) கண்ணாடி எழும்புற உதறல் இல்ல, 1/30-ல நம்ம கை நிக்கும், ஆனா பேசிக்கிட்டிருக்கிற பாட்டி நிக்க மாட்டாங்களே. அந்த ஒரு ஸ்டாப்புக்குத்தான் காசு.

தீமிதிக்கு நீங்க சொல்ற 3 செண்டிமீட்டர் பயமே இல்ல. கயித்துக்கு இந்தப் பக்கம் நின்னு 4 மீட்டர்ல எடுத்தா 1.4-லயே அரை மீட்டர் கிட்ட தெளிவா கெடைக்கும். பூக்குழி ஓரத்துல முன்கூட்டியே ஃபோகஸ் வெச்சிட்டு ஆள் வரக் காத்திருக்கலாம்.

சோனார்பித்தன்:
ரெண்டு பேரும் ஜூபிட்டர பேசாம தாண்டிப் போறீங்க. இதோட பூர்வீகம் ஜெர்மனி. பெர்ட்டெலேங்கிறவரு ஜைஸ் கம்பெனிக்காக 1930களோட தொடக்கத்துல போட்ட சோனார் 1.5, போருக்கப்புறம் சோவியத்துக்காரன் அதையே ஜூபிட்டர்-3-ன்னு செஞ்சான். ஏழு கண்ணாடி, ஆனா ஒட்டி ஒட்டி மூணே கூட்டம், காத்துல படுற முகம் ஆறுதான். கேனன் 1.4-ல ஆறு கண்ணாடி நாலு கூட்டம், எட்டு முகம். ஒவ்வொரு முகத்துலயும் கொஞ்சம் வெளிச்சம் தெறிக்கும். தீமிதியில நெருப்பு, வேப்பிலைக்கு நடுவுல சீரியல் பல்பு, பந்தல்ல டியூப் லைட், எல்லாமே ஃபிரேம்குள்ள வரும்ல, அந்த நேரத்துல ஆறு முகத்துக்கும் எட்டு முகத்துக்கும் வித்தியாசம் தெரியும். பின்னாடி உருகுற விதம் சோனாருக்குன்னு ஒண்ணு இருக்கு, முகத்துக்கு அதவிட மென்மையா ஒரு லென்ஸ நான் பாத்ததில்ல. விலையும் கேனன் 1.4-அ விட குறைச்சல்.

திருகாணி:
நான் தைப்பிங்ல பழைய லென்ஸ் கழட்டி மாட்டுறவன். மூணு பேரும் படத்தப் பத்திப் பேசுறீங்க, நான் உள்ள பாத்தத சொல்றேன்.

சோனார்பித்தன் ஐயா, ஆறு முகம் சரிதான், ஆனா தம்பிகிட்ட இருக்கிறது கேனன். கேனனும் லைக்காவும் 50 எம்எம்னு எழுதினாலும் 51.6 எம்எம் கணக்குல ரேஞ்ச்ஃபைண்டர வெச்சிருக்கான், சோனார் வந்த ஜைஸோட கான்டாக்ஸ் கெமரா கணக்கு 52.4. தூரத்துல சரி பண்ணா கிட்டத்துல விலகும், கிட்டத்துல சரி பண்ணா தூரத்துல விலகும். உள்ள மெல்லிசா தகடு வெச்சு நான் ஒரு தூரத்துக்கு சரி பண்ணித் தர முடியும், எல்லா தூரத்துக்கும் முடியாது. அதோட சோனார் வகையில அபர்ச்சர், அதாவது வெளிச்சம் வர்ற ஓட்டை, மூட மூட ஃபோகஸ் நகரும். இந்த லென்ஸோட பழகினவருக்கு அது கைக்கு வந்துடும், உங்களுக்கு வந்திருக்கு. முத லென்ஸா வாங்குற பையன் தலையில அத ஏத்த வேணாம்.

கித்தாக்காடு அண்ணே, 1.8 நல்ல லென்ஸு, சந்தேகமே இல்ல. ஆனா எங்கிட்ட வர்ற 1.8-ல பல லென்ஸுக்கு அபர்ச்சர் தகட்டுக்குப் பின்னாடி இருக்கிற கண்ணாடியில வெள்ளையா மூட்டம். எண்ணெய் ஆவியாகி அங்க போயி உக்காந்துடுது, விட்டா கண்ணாடியவே அரிச்சிடும், அப்புறம் எத்தன தடவ தொடைச்சாலும் போவாது. நம்ம ஊரு புழுக்கம் அத இன்னும் சீக்கிரமாக்குது. 1.2-லயும் இதே கதை, அதோட 1.2 பருமன் வியூஃபைண்டர்ல கீழ் மூலைய மறைக்கும், 1.4-அ விட அரை ஸ்டாப்புக்கும் குறைவாத்தான் கூட தரும். இந்த வரிசையில எனக்கு குறைஞ்ச தொல்லை குடுத்தது 1957-ல வந்த 1.4 வம்சம்தான். காசு இருந்தா இன்னொரு வழி, 1999-ல ஜப்பான் கம்பெனி கோசினா விட்ட வாய்க்லண்டர் நாக்டன் 1.5, அதுவும் திருகு மவுண்ட், கோட்டிங் புதுசு.

கித்தாக்காடு:
மூட்டம் இல்லாத 1.8 கெடைக்கவே கெடைக்காதுன்னு சொல்ற மாதிரி இருக்கே. எங்கிட்ட இருக்கு, கண்ணாடி கிணத்துத் தண்ணி மாதிரி தெளிவா இருக்கு. பாத்து வாங்கணும், அவ்வளவுதான். அதோட தம்பி பாடியோட வயசையும் பாருங்க. பி வந்தது 1959-ல. வியூஃபைண்டர் ஒண்ணுக்கு ஒண்ணு, நிஜ அளவுலயே தெரியும், ரெண்டு கண்ணையும் தொறந்து எடுக்கலாம், அதெல்லாம் சரி, ஆனா ரேஞ்ச்ஃபைண்டரோட ரெண்டு ஜன்னலுக்கு நடுவுல நீளம் 41 எம்எம்தான், நீளம் கூடினாத்தான் குறி துல்லியமா விழும், லைக்கா எம்3-ல உருப்பெருக்கத்தோட சேத்தா 60-க்கு மேல. நடுவுல ரெண்டு பிம்பமும் சேர்ற பேட்ச் இத்தன வருஷத்துல மங்கிப் போயிருந்தா இருட்டுல 1.4-க்கு எப்படி குறி வைப்ப?

இரவுவெளிச்சம்:
41 எம்எம் 50/1.4-க்குப் போதும் அண்ணே. கேனனே அந்தக் காலத்துல பி-யோட 1.4-அ சேத்து வித்தவன்தான். பேட்ச் மங்கினா அத தொடைச்சு சரி பண்ணணும், அதுக்காக லென்ஸ சின்னதாக்கக் கூடாது. இருட்டுல குறி வைக்கிறதுக்கு மூக்குத்தி, கண்ணாடி ஃபிரேம், நெத்திப் பொட்டு ஓரம்னு ஏதாவது ஒரு கோடு போதும். ஒரு கோடு ரெண்டாத் தெரியும், ஒண்ணாச் சேத்தா முடிஞ்சுது. பொட்டுல சேத்துட்டு இம்மி முன்ன பின்ன சாஞ்சு கண்ணுக்குக் கொண்டு வருவேன், எனக்கு அது பழக்கம்.

தம்பிக்கு இன்னொண்ணு. பழைய சோக் வெச்ச டியூப் லைட்டா இருந்தா 1/125-க்கோ அதுக்கு மேலயோ போகாதீங்க. நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், லைட்டு செகண்டுக்கு 100 தடவ மினுங்கும், ஷட்டர் அதவிட வேகமா ஓடினா ஒரு படம் வெளிச்சமா வரும், அடுத்தது மங்கலா வரும். 1/60 பாதுகாப்பு.

சோனார்பித்தன்:
திருகாணி அண்ணன் சொன்ன கணக்கு எனக்கும் தெரியும். ஆனா தம்பி எடுக்கப் போறது ரெண்டே விதம்தான், வீட்டுக்குள்ள ஒண்ணு ஒன்றரை மீட்டர்ல முகம், வெளிய 4 மீட்டர்ல தீமிதி. கிட்டத்துக்குத் தகடு வெச்சு சரி பண்ணிட்டா வெளிய அபர்ச்சர 4-க்கு மூடி எடுக்கலாமே.

திருகாணி:
ராத்திரி தீமிதிய 4-ல எடுக்க முடியாது ஐயா. 1.4-ல 1/125 கெடச்சா 4-ல 1/15 வரும். ஓடி வர்றவங்க வெறும் கோடா விழுவாங்க.

சிப்புட்_பையன்:
எல்லாருக்கும் நன்றி. அந்தக் கறுத்த கன்னம் விஷயம் என்னைப் பிடிச்சிடுச்சு, எங்க பாட்டி நிறம் அப்படித்தான். 1.4 பக்கம்தான் மனசு போகுது. ஈப்போவுல ஒரு கடையில ஒண்ணு இருக்குன்னு கேள்விப்பட்டேன், சனிக்கிழமை போறேன். என்னென்ன பாக்கணும்?

திருகாணி:
பாடிய கையோட எடுத்துட்டுப் போங்க. லென்ஸ கழட்டி, அபர்ச்சர முழுசா தொறந்து, கைப்பேசி டார்ச்ச பின்பக்கம் சாய்வா அடிச்சு முன்பக்கமா பாருங்க. தூசி சின்னப் புள்ளியாத் தெரியும், பரவால்ல. வேர் மாதிரி கிளை விட்டிருந்தா ஃபங்கஸ். பால் மாதிரி ஒரே சீரா வெள்ளையா இருந்தா மூட்டம், டார்ச் இல்லாம பாத்தா தெரியவே தெரியாது, கடைக்காரர் தெளிவா இருக்குன்னுதான் சொல்வாரு. அபர்ச்சர 5.6-ல வெச்சு தகட்டுல எண்ணெய்க் கறை இருக்கான்னு பாருங்க. பெரியப்பாவோட தோல் உறை இருந்தா லென்ஸ அதுக்குள்ள வெக்காதீங்க, தோல் ஈரத்தப் பிடிச்சு வெச்சுக்கும். டிரை பாக்ஸ்ல ஈரப்பதம் 40-லருந்து 50-க்குள்ள இருக்கட்டும்.

கித்தாக்காடு:
நான் இன்னும் 1.8 கட்சிதான், அது வேற விஷயம். வாங்கினதும் கோயிலுக்குத் தூக்கிட்டு ஓடாத தம்பி. ஒரு நாளிதழ மேசையில விரிச்சு, சாய்வா 1 மீட்டர்ல உக்காந்து, நடு வரியில ஃபோகஸ் வெச்சு 1.4-ல எடு. அப்புறம் 3 மீட்டர்ல ஒரு கேட்டு கம்பி, கடைசியா ரொம்ப தூரத்துல ஒரு செம்பனை ஓலை. நெகட்டிவ லூப் (பூதக்கண்ணாடி) வெச்சுப் பாத்தா எந்த வரி தெளிவா இருக்குன்னு தெரிஞ்சிடும். நடு வரி இல்லன்னா லென்ஸா பாடியான்னு இன்னொரு லென்ஸ மாட்டித்தான் கண்டுபிடிக்கணும். அதுக்கு என் 1.8-அ தர்றேன், டவுன்ல பஸ் ஸ்டாண்டு பக்கம் வந்து வாங்கிக்க.

சிப்புட்_பையன்:
ஞாயித்துக்கிழமை வர்றேன் அண்ணே. ரெண்டு லென்ஸ்லயும் பாட்டிய ஒரே எடத்துல உக்கார வெச்சு, புஷ் பண்ணாம எடுத்து இங்க போடுறேன்.